அம்மப்பாவின்ர ஏ போட்டி: வெட்டுறதோ, விக்கிறதோ, எழுப்பி ஓடுறதோ?

கேள்வி:

அண்ணை வணக்கம். நான் மல்லாவி, வயசு 26. அம்மப்பாவின்ர ஒஸ்ரின் ஏ போட்டி (A40) சமர்செற் கார் ஒண்டு எங்கட வளவில கிடக்கு, 1953ஆம் ஆண்டுக் கார் எண்டு அம்மா சொல்லுவா. அம்மப்பா அதில கனகாலம் ஹயர் ஓடினவர். 2008இல இடம்பெயரேக்க கொட்டிலுக்குள்ள விட்டிட்டுப் போய் 2010இல வந்து பாக்க பொடியும் நாலு கதவும் கிடந்துது. எஞ்சினும் இருக்கு, ஆனா இறுகிப்போச்சு. காபரேற்றர், டைனமோ, ரயர், சீற் ஒண்டும் இல்லை. இப்ப பின்பக்கத்தில கோழி அடைகிடக்குது. கனடாவில இருக்கிற மாமா இதை ஹொட் ரொட் ஆக்குவம், கூரையை வெட்டிப் பதிச்சு டொயோட்டா எஞ்சின் ஏத்தி அகல ரயர் போடுவம், காசு நான் அனுப்பிறன் எண்டு நிக்கிறார். அப்பா சொல்லுறார், கொழும்பில இருந்து வந்து பாத்தவருக்குக் குடுத்திட்டு வயல் உழுகிற லாண்ட்மாஸ்ரர் ஒண்டு வாங்குவம் எண்டு. எனக்கு அதைத் திருத்தி ஓடத்தான் ஆசை. ஆனா இனி எல்லாம் கரண்ட் கார்தானே எண்டு எல்லாரும் சொல்லுகினம். பழைய கார் வச்சிருக்கிறதுக்கு எதிர்காலம் எண்டு ஒண்டு இருக்கோ? ஜப்பான் எஞ்சின் போடுறதா, பழசையே எழுப்பிறதா?

பதில்:

தம்பி, முதல் வேலையா அந்தக் கோழியைக் காரால இறக்குங்கோ. பகிடிக்குச் சொல்லேல்லை, கோழி எச்சம் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருந்து தகரத்தைத் தின்னும், பின் சீற்றுக்குக் கீழ இருக்கிற தகடுதான் இந்தக் கார்களில முதல் போற இடங்களில ஒண்டு. அதோட கீழ பலகை, கல்லு ஏதும் வச்சு அச்சைத் தூக்கி நிலத்தில இருந்து விலத்தி விடுங்கோ, தறப்பாள் போட்டு இறுக்கி மூடாதேங்கோ. தறப்பாளுக்குள்ள வேர்த்து வேர்த்துக் கறள் பிடிக்கிற மாதிரி வெளியில நிண்டும் பிடிக்காது. மல்லாவி எண்டபடியாத் தப்பினீங்கள், இதே கார் முல்லைத்தீவுக் கடக்கரையில இவ்வளவு வருசம் நிண்டிருந்தா உப்புக் காத்துக்கு இப்ப கதவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இனிக் கேள்விக்கு வாறன். என்ர அபிப்பிராயம், வெட்டவும் வேண்டாம் விக்கவும் வேண்டாம், பழைய எஞ்சினையே எழுப்பி ஓடுங்கோ. ஏன் எண்டதைக் கொஞ்சம் விரிச்சுச் சொன்னாத்தான் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நீங்கள் மறுமொழி சொல்லலாம்.

மாமா சொல்லுற ஹொட் ரொட் எப்பிடி வந்ததெண்டு பாருங்கோ. அமெரிக்காவில, தெற்குக் கலிபோர்னியாவில, 1930களில கையில காசில்லாத பெடியள் மலிவா விழுந்து கிடந்த பழைய ஃபோர்ட் மொடல் டீ, மொடல் ஏ கார்களை வாங்கி, மட்காட், பொனற் எண்டு பாரமானதெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு, 1932இல ஃபோர்ட் விட்ட வீ எய்ற் எஞ்சின் மாதிரி ஏதாவது கிடைச்சா அதை ஏத்தி, காய்ஞ்சு கிடக்கிற ஏரித் தரையில கொண்டுபோய் ஆர் வேகம் எண்டு ஓடிப் பாத்தவங்கள். மியூரொக் எண்டிற ஏரிதான் பேர்போனது, இப்ப அது எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளம். 1937இலயே அவங்களுக்குச் சங்கமும் வந்திட்டுது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு படையில மெக்கானிக் வேலை பழகின பெடியள் வீட்டுக்கு வந்தாப் பிறகுதான் அது இன்னும் பரவினது. ஆக அது பணக்காரற்ற விளையாட்டா வரேல்லை, இல்லாத இடத்தில கையில இருக்கிற சாமானை வச்சுச் செய்த வேலை. உங்கட அம்மப்பாவின்ர கார் இருக்கே, அந்த ஏ போட்டியும் அங்க தப்பேல்லை. 1960களில அமெரிக்காவில டிராக் ரேஸ் ஓடினவை, பாரம் குறைஞ்ச சின்னக் கார் எண்டு இங்கிலாந்து ஃபோர்ட் அங்கிலியாவையும் உங்கட காருக்கு முந்தின ஏ போட்டி டெவனையும் பிடிச்சு முன்பக்கத்தைத் தூக்கிப் பெரிய எஞ்சினை ஏத்தி ஓடினவை. மாமாவுக்கு அந்த ஆசை வந்ததில பிழை சொல்லேலாது.

ஆனா அந்த வேலையை எங்கட ஆக்கள் செய்யேல்லை எண்டு ஆரும் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். தட்டிவான் என்ன? செவர்லே, பெட்ஃபோர்ட் எண்டு லொறிச் சேசிசில பலகை பொடி கட்டி, பின்னுக்குத் தட்டி விழுத்தி, ஆக்களும் மரக்கறியும் மீன்பெட்டியும் ஏத்தினது முழுக்க எங்கட பட்டறை மூளை. 1990க்குப் பிறகு பெற்றோல் தடை வந்து போத்தல் கணக்கில வித்த காலத்தில, கார் மோட்டச்சைக்கிள் எல்லாத்தையும் மண்ணெண்ணெயில ஓட விட்டதும் எங்கட ஆக்கள்தான். சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வச்சு மெல்லிய ரியூப்பால காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் வடிவாச் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, நிப்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோல் குடுத்து நிப்பாட்டிறது, இல்லாட்டி அடுத்தநாள் காலமை உயிரே வராது. மண்ணெண்ணெய் சரியா ஆவியாகாது, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால வழிஞ்சு கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப் போடும், அதாலதான் அந்த நேரம் ஒயிலைத் தொட்டுப் பாத்துப் பாத்து மாத்தினது. ஏ போட்டி, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் எல்லாம் இதைத் தாங்கினதுக்குக் காரணம் அதுகளின்ர கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை நெரிக்கிற அளவு, குறைவு, உங்கட காருக்கு ஏழுக்கு ஒண்டை ஒட்டித்தான் வரும். இப்பத்தய ஜப்பான் எஞ்சினுக்கு அதைக் குடுத்தா தட்டித் தட்டியே பிஸ்ரன் போயிடும். அமெரிக்காப் பெடியள் வேகத்துக்குச் செய்ததை எங்கட ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குச் செய்தவை. அந்தக் கார் அப்பிடி ஓடின கார் எண்டா அதைக் கூரை வெட்டிக் காட்டவேண்டிய தேவை இல்லை எண்டிறது என்ர நினைப்பு, மாமா கோவிக்கப்படாது.

கோவிச்சாலும் பறவாயில்லை, வேலைக் கணக்கையும் சொல்லிவிடுறன். கூரையைப் பதிக்கிறதெண்டா எல்லாத் தூணையும் வெட்டி இறக்கி ஒட்டோணும், தூண் சாஞ்சு நிக்கிறபடியால் வெட்டின ரெண்டு முனையும் நேரா வந்து சந்திக்காது, கூரைத் தகட்டையும் பிரிச்சு நீட்டோணும். கதவு பிறேம் அதுக்கேத்த மாதிரி, கண்ணாடி அதுக்கேத்த மாதிரி. ரஃபன்ட் கண்ணாடி எண்டா வெட்டேலாது, கட்டர் வச்சாத் தூளாக் கொட்டும், புதுசாச் செய்விக்கோணும். கிளிநொச்சி, வவுனியா ரெண்டு இடத்திலயும் நல்ல டிங்கர்காரர் இருக்கினம், ஆனா இந்த வேலையை வாழ்க்கையில ஒருக்காலும் செய்யாத ஆளிட்ட உங்கட அம்மப்பாவின்ர காரைக் குடுத்து அவர் பழகிறதுக்கு நீங்கள் காசு கட்டப்போறியள். மழைக்கு ஒழுகும். பிறகு ஒருநாள் பழையபடி ஆக்குவம் எண்டாலும் ஏலாது.

அடுத்தது டொயோட்டா எஞ்சின். ஏறும், அதில சந்தேகம் இல்லை, சமர்செற்றுக்குத் தனிச் சேசிஸ் இருக்கிறதால மவுண்ட் வெல்ட் பண்ணிறதும் சுகம், முந்திக் கேம்பிறிஜ்களுக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏத்தி ஓடின ஆக்களும் இருக்கினம். பிரச்சினை நிப்பாட்டிறதில. 1200 சீசீ, 42 குதிரைவலு எஞ்சினுக்கெண்டு கணக்குப் பண்ணின டிரம் பிறேக், ஸ்ரியரிங், பின் அச்சு எல்லாம். நீங்கள் அதைப்போல ரெண்டு மடங்கு பெலத்தைக் குடுத்தா எஞ்சினோட நிக்காது, கியர்பொக்ஸ், அச்சு, பிறேக், றேடியேற்றர் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மாத்திக்கொண்டே போகோணும், முடிவில உங்களிட்ட இருக்கிறது ஒஸ்ரின் தகரம் போத்தின டொயோட்டா. அதைவிடப் பெரிய தலையிடி புக், காரின்ர பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கம் மாறினா, பொடியின்ர அமைப்பு மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அனுமதி எடுத்து சீஆர் எண்டிற பதிவுச் சான்றிதழில பதிய வேணும். பதியாம ஓடி ஒரு எக்சிடன்ற் பட்டா இன்சூரன்ஸ்காரன் முதல் பாக்கிறது அதைத்தான்.

வெளிநாட்டிலயும் இந்த விசயத்தில இறுக்கம்தான். பிரிட்டனில 40 வருசம் கடந்த கார்களுக்கு ரோட் ராக்ஸ் இல்லை, 2018 மே மாசத்தில இருந்து வருசாந்த எம்ஓரீ தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை, ஆனா கடைசி 30 வருசத்துக்குள்ள பெரிசா மாத்தம் செய்த கார் எண்டா அந்தச் சோதனைச் சலுகை கிடையாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் ஒண்டு இருக்கு, ஃபீவா எண்டு, 1966இல துவங்கினது. அவையின்ர வரைவிலக்கணமும் குறைஞ்சது 30 வருசம், பழைய அமைப்பு கெடாம இருக்கோணும், அன்றாடப் பாவனைக்கு ஓடப்படாது எண்டுதான். மாமாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, கேப்பாரோ தெரியாது.

எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டீங்கள். கரண்ட் கார் வந்தாப் பழைய கார் செத்திடும் எண்டு சொல்லுற ஆக்கள் ரெண்டு விசயத்தை ஒண்டாப் போட்டுக் குழப்புகினம். பிரிட்டனில 2030க்குப் பிறகு தனிப் பெற்றோல், டீசல் கார் புதுசா விக்கேலாது எண்டுதான் சட்டம் வருது, ஓடிக்கொண்டிருக்கிறதைப் பறிக்கிறதா இல்லை. லண்டனில புகைக்குக் காசு அறவிடுற வலயத்திலகூட 40 வருசம் கடந்த பழைய கார்களுக்கு விலக்கு இருக்கு. எங்கட நாட்டில நிலைமை இன்னும் வேற. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலதான் தனியாருக்குத் திறந்தவை, அந்த அஞ்சு வருசமும் இருக்கிற வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடினதுதான் எங்கட பிழைப்பு. பெற்றோல் இன்னும் கனகாலத்துக்கு இருக்கும், விலைதான் கேள்வி. 2022இல தட்டுப்பாட்டுக்குப் பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு வந்தநேரம் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு குடுத்தவங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிக்கிடுற ஏ போட்டிக்கு அதுவே மிச்சம்.

உண்மையான பயம் வேற ரெண்டு. ஒண்டு ஆக்கள் மாறிறது. அமெரிக்காவில 1932 ஃபோர்ட்டுக்கு விசரா நிண்ட தலைமுறைக்கு இப்ப வயசு போச்சு, இளம் ஆக்களுக்குப் பிடிக்கிறது அவை சின்னனில பாத்த ஜப்பான் கார். அங்க 25 வருசம் கடந்தாத்தான் அந்த நாட்டில விக்காத வெளிநாட்டுக் காரைத் தடையில்லாம இறக்கலாம், 1989இல வந்த நிசான் ஸ்கைலைன் ஆர் 32, 2014இல அந்தக் கணக்குக்குள்ள வர விழுந்தடிச்சு இறக்கத் துவங்கினவங்கள். இஞ்சயும் அதுதான் நடக்குது. உங்கட வயசுப் பெடியள் எம்.டி. நைன்ரி, சீ.டி. வண் ருவண்ரி ஃபைவ் எண்டிற பழைய ஹொண்டா மோட்டச்சைக்கிளுகளின்ர ராங்குக்குப் பெயின்ற் அடிச்சுப் பளபளக்க வச்சிருக்கிறாங்கள், மைனரைக் கண்டா ஒரு படம் எடுத்துப்போட்டுப் போறாங்கள். 30 வருசக் கணக்குப் பாத்தா சமாதான காலத்தில ஏ9இல ஓடின பழைய ஹயஸ்கூட இப்ப பழங்கார்தான். அதில கவலைப்பட ஒண்டும் இல்லை, ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் ஏறித் திரிஞ்ச வாகனம். ஆனா ஒரு விசயம், நாளைக்கு ஏ போட்டிக்குப் பெரிய விலை வரும் எண்டு நம்பிக் காசைக் கொட்டாதேங்கோ. வரலாம், வராமலும் விடலாம். திருத்திற செலவு அனேகமாக் காரின்ர விலையைத் தாண்டும்.

மற்றப் பயம்தான் என்னை உறுத்திறது, வேலை தெரிஞ்ச கை. காபரேற்றரின்ர சத்தத்தைக் கேட்டு ஸ்குறூவைக் காவாசி சுத்துத் திருப்பிற ஆள், பிளக்குக்குப் பொறி விடுற பொயின்றுக்கு ஃபீலர் கேஜ் இல்லாட்டி சிகரெட் பெட்டி மட்டையை மடிச்சு வச்சு இடைவெளி பிடிக்கிற ஆள், வெள்ளை மெற்றல் பெயாரிங் ஊத்திச் சுரண்டிப் பொருத்திற ஆள், இவை எல்லாம் தடைக் காலத்தில வேற வழியில்லாமப் பழகினவை, அவையில கனபேர் இப்ப இல்லை, இருக்கிறவை வெளிநாட்டில, மிச்சம் இருக்கிறவைக்குக் கண் தெரியாது. இப்ப கராஜுக்கு வாற பெடியன் ஸ்கானரைக் குத்திப் பாத்து கோட் வாசிக்கிறான், அதில அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், ஆனா குத்திறதுக்கு ஓட்டையே இல்லாத காரைக் கண்டா முழிக்கிறான். சாமான் ஒரு பிரச்சினையே இல்லை தம்பி. கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடினா இன்னும் கிடைக்கும், இங்கிலாந்தில ஒஸ்ரின் கவுன்ரீஸ் கார் கிளப் எண்டு உங்கட கார் வகைக்கெண்டே சங்கம் இருக்கு, காஸ்கற், றப்பர், பிறேக் சாமான் எல்லாம் இப்பவும் புதுசாச் செய்து விக்கினம். மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை எங்கட நாட்டிலயே அடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பின கம்பனி இருந்தது எண்டா நம்புவீங்களோ? சாமானைப் பார்சலில இறக்கலாம், கையை இறக்கேலாது. அதாலதான் சொல்லுறன், இந்தக் காரை ஒரு கராஜில விட்டிட்டு மாமாவின்ர காசால திருத்தி எடுக்காதேங்கோ. நீங்களே கழட்டுங்கோ. கிளிநொச்சி அறிவியல்நகரில ஜேர்மன் ரெக் எண்டு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கினம், 26 வயசு ஒண்டும் பிந்தேல்லை, அங்க படிக்காட்டியும் ஒரு வயசு போன மெக்கானிக்கரைப் பிடிச்சு சனி ஞாயிறு பக்கத்தில இருத்தி வச்சுச் செய்யுங்கோ, தேத்தண்ணியும் போக்குவரத்துக் காசும் குடுத்தாக் காணும், அவை சந்தோசமா வருவினம்.

இனி வேலை. எஞ்சினுக்கு ஓடாதேங்கோ, முதல் சேசிஸ். சின்னச் சுத்தியலும் பழைய ஸ்குறூ டிறைவரும் எடுத்துக்கொண்டு கீழ படுத்து முன்னால இருந்து பின்னால தட்டிக்கொண்டு போங்கோ. நல்ல இரும்பு கணீர் எண்டும், கறள் தின்ன இடம் சொத்தெண்டு மட்டமாக் கேக்கும், அந்த இடத்தில ஸ்குறூ டிறைவரைக் குத்தினா உள்ள போகும். பின் வில்லுத்தகடு வந்து பொருந்திற இடம், அச்சுக்கு மேலால சேசிஸ் வளையிற இடம், பொடி போல்ற் வாற இடம், இதுகளை விடாமப் பாருங்கோ. குத்தின இடமெல்லாம் சோக் கட்டியால வட்டம் போட்டு வையுங்கோ. பூற்றி அப்பி மூடிற வேலை வேண்டாம், வெட்டி எடுத்து அதே தடிப்பில தகடு வச்சு வெல்ட் பண்ணோணும். சேசிஸ் ரெண்டு பக்கமும் முழுக்கப் போயிருந்தா அப்ப மட்டும் அப்பா சொல்லுறதை யோசிக்கலாம்.

இறுகின எஞ்சினை ட்ரக்ரரில கட்டி இழுத்து உடைக்கலாம் எண்டு ஊரில ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார், அவரை வளவுக்குள்ள விடாதேங்கோ. நாலு பிளக்கையும் கழட்டிப்போட்டு டீசலும் ஒயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் விடுங்கோ, ஊறட்டும், நாள் கணக்கில்லை, கிழமைக் கணக்கில. இடைக்கிடை ஊத்திக்கொண்டிருங்கோ. பிறகு முன்னால ஹான்டில் போட்டு மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பாருங்கோ, ஒரு நூல் அசைஞ்சாப் போதும், மிச்சம் வரும். அசைஞ்சிட்டுது எண்டு ஸ்ராட் எடுக்கிற அவசரம் வேண்டாம், மேல ஹெட்டையும் கீழ ஒயில் நிக்கிற சம்பையும் இறக்கிப் பாக்காமல் அதுக்கு உயிர் குடுக்கப்படாது. போரில, அதாவது சிலிண்டரின்ர உள்சுவரில, கறள் குழி விழுந்திருந்தா லேத்துக்குக் கொண்டுபோய் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்ரன் போடலாம், இல்லாட்டி சிலீவ் எண்டிற உள்குழாய் அடிக்கலாம். போர் 65 மில்லிமீற்றர் சொச்சம்தான், பிஸ்ரன் பின்னின்ர சைசும் பிஸ்ரனின்ர உயரமும் ஒத்து வந்தா வேற எஞ்சின் பிஸ்ரனும் பொருத்தித் தருவினம். ஹெட் கழண்டு கிடக்கிற நேரத்திலயே எக்சோஸ்ற் பக்க வால்வ் சீற்றுக்குக் கடினமான வளையம் அடிப்பியுங்கோ. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது, எங்கட நாட்டில ஈயப் பெற்றோல் 2002ஓட நிண்டிட்டுது, சீற் மெல்ல மெல்லத் தேஞ்சு உள்ள இறங்கும். ஒக்ரேன் 92 தாராளமாக் காணும், 95 அடிச்சுக் காசைக் கரைக்காதேங்கோ.

பிறேக்கில ஒரு சதமும் மிச்சம் பிடிக்கக்கூடாது. ஒரே லைன்தான், எங்க ஒரு இடத்தில ஒழுகினாலும் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. சிலிண்டர்களை லேத்தில சிலீவ் போடுவிச்சு, றப்பர், ஹோஸ், குழாய் எல்லாம் புதுசு, ஹான்ட் பிறேக் ஏத்தத்தில பிடிச்சு நிக்கோணும். வயரிங் எலி விட்டு வைச்சிருக்காது, துணி சுத்தின பழைய வயர் மிச்சம் கிடந்தாலும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசாய் இழுத்து, ஃபியூஸ் கூடுதலாப் போடுங்கோ. இந்தக் கார்களில பற்றரியின்ர பிளஸ்தான் பொடிக்குப் போகும், அதைத் தெரியாம வழமை மாதிரிக் கொழுவி விட்டு டைனமோவை எரிச்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன். பழைய இங்கிலிஷ் நட்டுகளுக்கு மெற்றிக் ஸ்பானர் போடாதேங்கோ, வட்டமாகிப் போகும், அங்குலக் கணக்கு ஸ்பானர் செற் ஒண்டு தேடி வாங்குங்கோ.

மாமாவின்ர ஆசைக்கும் இதில இடம் இருக்கு. கழட்டினாப் பழையபடி போகக்கூடிய மாத்தம் எதையும் செய்யலாம் எண்டிறதுதான் என்ர கராஜில நான் வைச்சிருக்கிற கட்டுப்பாடு. டைனமோவுக்குப் பதிலா ஓல்ரனேற்றர் போடுங்கோ, நெகற்றிவ் ஏர்த்துக்கு மாத்துங்கோ, பொயின்றுக்குப் பதிலா இலக்ரோனிக், ரேடியல் ரயர், சீற் பெல்ற், நல்ல ஹெட்லைற், எல்லாம் ஓம். கழட்டினதை எண்ணெய் பூசி ஒரு பெட்டியில பேர் எழுதி வையுங்கோ. நிறத்தை மாமா தெரிவு செய்யட்டும், சீஆரில பதிஞ்சாக் காணும். கரண்ட் மோட்டர் ஏத்துவம் எண்டும் அடுத்ததாச் சொல்லுவார், வெளிநாட்டில செய்யினம், ஃபோர்ட் 2021இலயே பழைய கார்களுக்கு ஏத்தக்கூடிய மின் மோட்டரைப் பெட்டியில போட்டு வித்தவங்கள், ஆனா அந்தப் பற்றரியின்ர விலைக்கு அப்பாவுக்கு ரெண்டு லாண்ட்மாஸ்ரர் வாங்கிக் குடுக்கலாம்.

பேப்பர் விசயம் நீங்கள் எழுதேல்லை, அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. புக் இடம்பெயர்வில துலைஞ்சிருந்தா இப்பவே துவங்குங்கோ. 1953 கார் எண்டா ஸ்ரீ இலக்கம் வாறதுக்கு முந்தின ஈ.என்., ஈ.வை. மாதிரி இங்கிலிஷ் எழுத்து இலக்கமா இருக்கோணும், நம்பர் பிளேற் இல்லாட்டியும் பழைய லைசன்ஸ் துண்டு, இன்சூரன்ஸ், காரோட நிண்டு எடுத்த படம் ஏதும் வீட்டில கிடக்கோ பாருங்கோ. சேசிஸ் இலக்கத்தை வயர் பிறஷ் போட்டு மெல்லத் துடைச்சுப் படம் எடுங்கோ, கிறைண்டர் வைச்சிடாதேங்கோ, இலக்கம் அழிஞ்சாக் கார் வெறும் இரும்பு. அம்மப்பாவின்ர பேரில இருந்தா அவற்ற மரணச் சான்றிதழோட உரித்தாளியள் எல்லாரும் சம்மதிச்சு மாத்தோணும், அம்மாவின்ர சகோதரங்கள் எத்தினை பேர் எந்தெந்த நாட்டிலயோ, அதுக்கு மாமாவைப் பிடியுங்கோ, அவர் காசைவிட இதில கூட உதவலாம். லைசன்ஸ் பாக்கியைப் பிரதேச செயலகத்தில விசாரியுங்கோ. புகைச் சோதனையும் இன்சூரன்சும் இல்லாமல் லைசன்ஸ் வராது.

அப்பா சொல்லுறதையும் நான் தள்ளேல்லை. வயல் வேலைக்கு லாண்ட்மாஸ்ரர் இல்லாமக் கஷ்டப்படுற வீடு எண்டா, வில்லுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை, கார் சோறு போடாது. ஆனா வாங்கிற ஆளின்ர பேர் எழுதாத ஓப்பின் பேப்பரில கையெழுத்து வைச்சுக் குடுக்கவேண்டாம். சிலருக்கு வேண்டியது உங்கட கார் இல்லை, அந்தப் புக்கும் இலக்கமும்தான், அதை வேறொரு தகரத்தில ஏத்திப்போட்டு நாளைக்கு ஏதும் நடந்தாப் பொலிஸ் வாறது மல்லாவிக்கு. திணைக்களத்தில பேர் மாறினாப் பிறகுதான் சாவி. வச்சிருக்கப்போறியள் எண்டா கலியாணத்துக்கு, படப்பிடிப்புக்குக் கேட்டு வருவினம், பெற்றோலுக்கும் ரயருக்கும் தேறும், குடும்ப வருமானம் எண்டு கணக்குப் போடாதேங்கோ. ஏ9இல பின்னால பஸ்காரன் கோன் அடிச்சுக்கொண்டு வருவான், ஓரங்கட்டி விட்டிட்டு நாப்பது மைலில போங்கோ, அந்தக் காருக்கு அதுதான் சுகம்.

மாரி துவங்க முதல் சேசிசைத் தட்டிப் பாத்து, சோக் வட்டம் போட்ட இடங்களையும் சேசிஸ் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ, வெல்ட் பண்ணக்கூடியதோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லுறன். அம்மப்பாவின்ர ஸ்ராட்டிங் ஹான்டில் வீட்டில எங்கயும் கிடக்கும், கைபிடிப் பக்கம் வளைஞ்ச நீட்டுக் கம்பி, கதவுக்கு முண்டு குடுக்கவோ தேங்காய் உரிக்கவோ ஆரும் பாவிச்சுக்கொண்டிருப்பினம், தேடி எடுத்து வையுங்கோ.